இரண்டாவது பிளேற்

கலியாண வீட்டில் படம் பிடிக்க வருகிறவன் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்கும் முன்னர் வெயிலைப் பார்க்க வேண்டும் என்பான் யாகப்பு. தாலி கட்டுவது இரவு முகூர்த்தமாக இருந்தாலும் படம் மறுநாள் காலையில்தான். ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையில், முற்றத்து மணல் சூடேறும் முன்பு, வீட்டு நிழல் விழுகிற பக்கமாக இரண்டு வேட்டிகளைச் சேர்த்துத் தைத்த திரையைக் கட்டி, அதன் முன்னால் பாய் விரித்து, ஒரு கதிரையும் ஒரு குரோட்டன் சாடியும் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மற்றப் பாதி பெண்ணின் பக்கத்து வேலை. கூறைச் சேலையின் மடிப்பு நேராக விழவேண்டும். மாலை தாலிக்கொடியை மறைக்கக்கூடாது. நெற்றியில் வியர்வை மினுங்கக்கூடாது. இவற்றை யாகப்புவின் கை செய்வதற்கு எந்த வீடும் விடாது. அதற்காகத்தான் தங்கை மக்டலீனைக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினான்.

மக்டலீனுக்கு அப்போது முப்பத்தொரு வயது. கொழும்புத்துறையில் அண்ணன் வீட்டிலேயே இருந்தாள். மூன்று வருடங்களுக்கு முன் அவளுடைய புருஷன் சிமியோன் கடல் தொழிலுக்குப் போய்த் திரும்பவில்லை. வள்ளம் மட்டும் மண்டைதீவுப் பக்கம் ஒதுங்கியது. அண்ணன் அவளிடம் எதிர்பார்த்தது சேலை மடிப்பு எடுத்துவிடுகிற வேலையை மட்டுந்தான். ஆறு மாதத்தில் அவள் மற்றவற்றையும் பிடித்துக்கொண்டாள். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, மங்கல் கண்ணாடியில் தலைகீழாக நிற்கும் மனிதரைப் பார்த்து எது கூர்மை என்று சொல்லப் பழகினாள். இருட்டறையில் கண்ணாடிப் பிளேற்றின் ஓரத்தை உதட்டில் வைப்பாள். ஒட்டினால் அது மருந்து பூசிய பக்கம். கொழும்புத்துறைக் கிணறுகள் உவர் என்பதால், படம் கழுவ நல்ல தண்ணீரைக் கோயில் கிணற்றிலிருந்து இரண்டு குடம் சுமந்து வருவதும் அவள்தான்.

வேலைக்குப் போகிற நாளில் வெள்ளைச் சேலையை மடித்து வைத்துவிட்டு நாவல் நிறச் சேலை ஒன்றை உடுப்பாள்.

“வெள்ளையோடை போனால் படலையிலேயே மறிச்சுப்போடுவினம்,” என்று அண்ணன் சொல்லியிருந்தான். “பொய் சொல்ல வேண்டாம். கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லு.”

ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்தொன்றாம் வருடம் ஆனி மாதம், கொடிகாமத்தில் ஆழ்வாப்பிள்ளை என்ற புகையிலைக் கமக்காரரின் வீட்டுக் கலியாணத்துக்கு அவர்கள் போனார்கள். முதல் ரயிலில் இறங்கி, கமராப் பெட்டியையும் முக்காலியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது வீட்டில் இரவுச் சமையலின் புகை அடங்கியிருக்கவில்லை. இருவருக்கும் மாமரத்தின் கீழே வாழையிலை போட்டுப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தார்கள். தண்ணீரைச் செம்பில் கொடுக்காமல் கையில் உயர்த்தி ஊற்றினார்கள். யாகப்புவுக்கு அது பழக்கம். கையைக் குவித்துக் குடித்துவிட்டு எழுந்து வெயிலைப் பார்த்தான்.

உள்ளே பெண் கமலாவதியின் மடிப்பை மக்டலீன் ஊசி குத்தி நிறுத்திக்கொண்டிருந்தபோது, தாய் சிவக்கொழுந்து கேட்டாள்.

“உம்மடை அவர் என்ன தொழில்?”

“கடல் தொழில், அம்மா.”

“இப்ப எங்கை நிக்கிறார்?”

“கடலிலை.”

“கடலுக்குப் போற ஆக்களின்ரை சீவியம் பாவந்தான்,” என்று சொல்லி, சிவக்கொழுந்து மகளின் காதோரத்து மயிரை ஒதுக்கினாள். மேலே கேட்கவில்லை.

மாப்பிள்ளை தம்பிராசா மலாயாவில் ரயில்வே கிளாக்கர். தாய் தகப்பன் இல்லை. தூரத்து மாமன் ஒருவர் பேசி முடித்த சம்பந்தம். லீவு முடிய எட்டுக் கிழமை இருந்தது. திரைக்கு முன்னால் அவன் கையைத் தொடையோடு ஒட்டி நின்றதைப் பார்த்துப் பெண்ணின் சித்தப்பன் சொன்னார்:

“தம்பி, ஸ்ரேசனுக்கு இன்னும் கோச்சி வரேல்லை. கொஞ்சம் இளகி நில்லும்.”

சிரிப்பு அடங்கும்வரை யாகப்பு காத்திருந்தான்.

“ரெண்டு பிளேற் எடுப்பன்,” என்றான். “முதலாவது பயம் போறதுக்கு. ரெண்டாவதுதான் படம். லென்சின்ரை மூடியைக் கழட்டினால் நான் மூண்டு எண்ணி மூடுமட்டும் ஒருத்தரும் அசையப்படாது.”

வழக்கப்படி பெண் மாப்பிள்ளையின் இடப்பக்கத்தில் நின்றாள். அவளுக்கும் அப்பால், படத்தில் விழாத தூரத்தில், சேலைத் தலைப்பைப் பார்த்தபடி மக்டலீன் நின்றாள். முதல் பிளேற் குறையில்லாமல் முடிந்தது. இரண்டாவதுக்கு மூடி கழன்றது. யாகப்பு ஒன்று என்றான். கமலாவதியின் வலக்கை வியர்வையைத் துடைக்க மெல்ல எழும்பப் பார்த்ததை மக்டலீன் கண்டாள்.

“தங்கச்சி, அசையாதையுங்கோ,” என்றாள்.

கமலாவதி அசையவில்லை. தம்பிராசா முழு முகத்தையும் இடப்பக்கம் திருப்பினான். யாகப்பு மூடியைப் போட்டான்.

மறுநாள் பகல் இருட்டறைக்குள் யாகப்பு அவளைத் திட்டினான். “மூடி திறந்திருக்கேக்கை எங்கடை வாய் மூடியிருக்க வேணும். இதைப் படிக்காட்டில் மற்றதெல்லாம் படிச்சு என்ன?”

அவள் பிளேற்றைச் சிவப்பு வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். பெண் கல்லில் வெட்டியது போல் நின்றாள். பக்கத்தில் மாப்பிள்ளைக்கு இரண்டு முகங்கள். முன்னால் பார்த்த முகம் புகை மாதிரி. பெண்ணின் பக்கம் திரும்பிய முகம் இன்னொரு புகை.

“எறி அதை.”

“கிடக்கட்டும், அண்ணை.”

யாகப்பு கடதாசி உறைகளில் ‘கொடிகாமம் 1’, ‘கொடிகாமம் 2’ என்று எழுதிப் பெட்டியில் போட்டான். முதலாவதிலிருந்து படம் போட்டுக் கண்ணாடிச் சட்டம் அடித்தார்கள். அதைக் கொடுக்கப் போனபோது கமலாவதி படத்தை நெடுநேரம் பார்த்தாள்.

“மற்றப் படம் எங்கை, அக்கா?”

“பழுதாப் போச்சு, தங்கச்சி. அவர் திரும்பிப்போட்டார்.”

“எந்தப் பக்கம்?”

“உங்கடை பக்கந்தான்.”

கமலாவதி தலையைக் குனிந்துகொண்டாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள். “கோயிலுக்குப் போகேக்கையும் என்னை வலப்பக்கம் வரச்சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போறவர். மறந்து இடப்பக்கம் வந்தால் நிண்டு மாத்திவிடுவர். மலாயாவிலை அதுதான் மரியாதையாம்.”

ஆவணியில் தம்பிராசா கப்பலேறினான். அவளைத் தையில் கூப்பிடுவதாக ஏற்பாடு. மார்கழியில் ஜப்பான்காரன் மலாயாவில் இறங்கினான். மாசியில் சிங்கப்பூர் விழுந்தது. அதன்பின் கடிதம் இல்லை. யாழ்ப்பாணத்தில் அப்படி இருந்தது அந்த ஒரு வீடு மட்டுமல்ல. தபாற்காரன் படலையைக் கடந்து போவதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குத் திரும்புகிற பெண்கள் ஒவ்வொரு ஊரிலும் இருந்தார்கள்.

யுத்தத்தோடு கண்ணாடியும் வராமல் போயிற்று. பலாலியிலிருந்து வந்த பட்டாளத்துக்காரர் படம் எடுத்துச் சட்டமும் கேட்டார்கள். சட்டம் அடிக்க மரம் இருந்தது, கண்ணாடி இல்லை. நாற்பத்துமூன்றாம் வருடம் யாகப்பு பழைய பிளேற் பெட்டிகளை வெளியே எடுத்து வைத்தான்.

“ஒரு கலியாணத்துக்கு ரெண்டு கிடக்குது. முதலாவதைக் கழுவு. ரெண்டாவதை வை,” என்றான்.

சலவைச் சோடா போட்ட சுடுதண்ணீரில் பிளேற்றை வைத்தால் மருந்து பாலாடை போலச் சுருண்டு கழன்றுவிடும். அப்புறம் வெறும் கண்ணாடி. நாற்பது சோடிகள். முதல் பத்தை மக்டலீன் உறையிலிருந்து எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை. எல்லா உறையிலும் ஒன்று, இரண்டு என்று எழுதியிருந்தது. அண்ணனின் வழக்கம் அவளுக்குத் தெரியும். பத்து விரல்களும் சோடாவில் வெடித்துப் போயிருந்தன.

*

நாற்பத்தாறாம் வருடம் தை மாதம் ஒரு காலை, ஆழ்வாப்பிள்ளையும் கமலாவதியும் கொழும்புத்துறை வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள். யாகப்பு சாவகச்சேரிக்குப் போயிருந்தான். மக்டலீன் முற்றத்தில் தட்டுக்களைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். ஆழ்வாப்பிள்ளை அவளுடைய வெள்ளைச் சேலையைப் பார்த்து நின்றார்.

“கலியாணத்துக்குக் கலர்ச் சீலையோடை எல்லோ வந்தனீர்?”

“ஓம், ஐயா.”

“மனுசன் மோசம்போனது அதுக்குப் பிறகோ?”

“இல்லை, ஐயா. முந்தியே.”

ஏதோ சொல்ல வாயெடுத்தவர் மகளைப் பார்த்துவிட்டு, கதிரையில் இருந்தார். மக்டலீன் இரண்டு மூக்குப்பேணியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை. கமலாவதி எடுத்து முழுவதையும் குடித்தாள். மெலிந்திருந்தாள். கழுத்தில் கொடி அப்படியே இருந்தது.

விஷயத்தை ஆழ்வாப்பிள்ளைதான் சொன்னார். சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோன ஆட்களில் முத்துக்குமாரு என்று ஒருவர் தப்பி அச்சுவேலிக்கு வந்திருக்கிறார். அவர் இருந்த கொட்டிலில் தம்பிராசா என்று இரண்டு பேர். இரண்டு பேரும் யாழ்ப்பாணம். இரண்டு பேரும் ரயில்வே கிளாக்கர்கள். ஒருவர் வாந்திபேதியில் செத்துப்போனார். மற்றவரை வேறு முகாமுக்கு அனுப்பினார்கள். அவர் உயிரோடு இருக்கக்கூடும்.

“உயரம் கேட்டன், நிறம் கேட்டன். ரெண்டுபேரும் ஒரு மாதிரித்தானாம். முகத்தைக் கண்டால் சொல்லுவன் எண்டார். படத்தைக் கொண்டுபோவம் எண்டு சட்டத்தைக் கழட்டினால் படம் கண்ணாடியோடை ஒட்டிப்போய்க் கிடக்குது. போன மாரிக்குச் சுவரெல்லாம் ஊறினது.”

அவர் துண்டால் சுற்றிய பொதியை அவிழ்த்தார். கண்ணாடி ஒன்றும் கடதாசி ஒன்றும் இருந்தன. கடதாசியில் பெண்ணின் சேலைக் கரையும் பாயின் ஒரு மூலையும் தெரிந்தன. மேலே வெறும் பழுப்புச் சேறு.

“முத்திரை கழட்டுறமாதிரிக் கழண்டுவிடும் எண்டு சுடுதண்ணி ஊத்தினன்,” என்றார் ஆழ்வாப்பிள்ளை.

மக்டலீன் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“பச்சைத் தண்ணி விட்டிருந்தால்?” என்று அவர் கேட்டார். கேட்டுவிட்டு அவளைப் பார்க்காமல் வேலியைப் பார்த்தார்.

பச்சைத் தண்ணீரில் ஒரு பகல் ஊறவைத்திருந்தால் படம் முழுதாக வந்திருக்கும்.

“அப்பவும் வந்திராது, ஐயா,” என்றாள் மக்டலீன்.

அவர் மூச்சு விட்டார். “உங்களிட்டைக் கண்ணாடிப் பிளேற் கிடக்குமாமே. திருப்பிப் போடலாமாமே.”

அவள் உள்ளே போய் ‘கொடிகாமம்’ உறையைத் தேடினாள். இரண்டாவது மட்டுந்தான் இருந்தது. வெளிச்சத்துக்குப் பிடித்தாள். பெண் கல்லைப் போல நின்றாள். பக்கத்தில் இரண்டு புகை.

அவள் அந்தப் பெட்டியின் முன்னால் எவ்வளவு நேரம் குந்தியிருந்தாள் என்று தெரியாது. கமலாவதி வாசலில் வந்து நின்றாள்.

“இல்லையோ, அக்கா?”

“நல்லதை நான் கழுவிப்போட்டன், தங்கச்சி. சட்டத்துக்குக் கண்ணாடி இல்லையெண்டு. பாராமல் கழுவிப்போட்டன். இது மற்றது. அவர் திரும்பினது.”

கமலாவதி கோபப்படுவாள் என்று மக்டலீன் நினைத்தாள். அவள் கையை நீட்டினாள். பிளேற்றை வாங்கி, மக்டலீன் பிடித்தது போலவே ஓரங்களில் பிடித்து, யன்னலுக்கு நேரே வைத்துப் பார்த்தாள்.

“இது எனக்கு ஒரு நாளும் காட்டேல்லை,” என்றாள். “என்னைத்தான் பாக்கிறார், என்ன?”

“ஓம்.”

“இதைப் போட்டுத் தாங்கோ.”

மாலை திரும்பிய யாகப்பு கதையைக் கேட்டுத் தலையில் கை வைத்தான். “இந்தப் படத்தை வெளியிலை விட்டால் என்ரை பேர் என்னத்துக்காகும்?” என்றான். பிறகு, இருந்த கடைசி மூன்று நல்ல கடதாசிகளையும் எடுத்துக் கொடுத்தான். மறுநாள் மக்டலீன் மூன்று முறை போட்டுப் பார்த்தாள். வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும், முகம் இருந்த இடத்தைக் கையால் மறைத்தும் பார்த்தாள். அவளுக்கு அப்போது தெரிந்த வித்தை எல்லாவற்றையும் செய்தாள். மூக்கின் ஒரு கோடும் காதின் ஒரு விளிம்பும் வந்தன. அதற்கு மேல் வரவில்லை.

*

வெள்ளிக்கிழமை மூவரும் அச்சுவேலிக்குப் பஸ்ஸில் போனார்கள். இது ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டால் சொல்ல ஆள் வேண்டும் என்று கமலாவதிதான் மக்டலீனையும் வரச் சொன்னாள். ஆழ்வாப்பிள்ளை முன் ஆசனத்தில் இருந்தார். சந்தையில் இறங்கி வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே கால்மைல் நடந்தார்கள். கிணற்றுத் துலா மிதிப்பவர்களின் குரல் இரண்டு பக்கமும் கேட்டது.

முத்துக்குமாரு வேப்பமரத்தின் கீழ்ச் சாக்குக் கட்டிலில் இருந்தார். நாற்பது வயதுக்காரர், அறுபது போலிருந்தார். ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே பச்சிலை வைத்துக் கட்டியிருந்தது. எழும்பப் பார்த்தவரை ஆழ்வாப்பிள்ளை கையமர்த்தினார்.

“ஊர் என்னெண்டு ரெண்டுபேரும் ஒருநாளும் சொல்லேல்லையோ, தம்பி?”

“அங்கை ஊர்க்கதை ஆரும் கதைக்கிறேல்லை, அண்ணை. சாப்பாடுதான் கதைச்சனாங்கள். ஒருத்தன் ஒடியல் கூழ் காய்ச்சிற விதம் சொல்லுவான். மற்றவன், நீ இறால் போட மறந்துபோனாய் எண்டு சண்டைக்கு வருவான். வெறும் வயித்தோடை.” சிரித்தார். பல் இரண்டுதான் மிச்சம். “படத்தைக் காட்டுங்கோ.”

கமலாவதி கடதாசிக்குள்ளிருந்து படத்தை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைத் தூரத்தில் பிடித்தார், கிட்டப் பிடித்தார், வெயிலில் சரித்தார்.

“முகம் இல்லையே, பிள்ளை.”

“இதுதான் இருக்குது.”

“தோள் ரெண்டுபேருக்கும் இப்பிடித்தான்.” மறுபடி பார்த்தார். “என்னாலை சொல்ல ஏலாது. பிழையாச் சொன்னால் பாவம். சொல்ல ஏலாது.”

கமலாவதியின் தோள்கள் மெல்ல இறங்கியதை மக்டலீன் பார்த்தாள். அது ஏமாற்றம் அல்ல. மக்டலீனுக்கு அது தெரியும். வள்ளம் ஒதுங்கிய பிறகு, ஆளைக் காணவில்லை என்று தேடப் போனவர்கள் திரும்பிவந்து சொல்லும் ஒவ்வொரு நாளும் அவளுடைய தோள்களும் அப்படித்தான் இறங்கின. ஆளைக் காணாதவரை அவன் எங்கோ நின்றான்.

“அப்ப போட்டு வாறம்,” என்று ஆழ்வாப்பிள்ளை எழுந்தார்.

முத்துக்குமாரு படத்தை நீட்டியவர் மறுபடி இழுத்துப் பார்த்தார். “இது ஏன் இப்பிடிக் கலங்கினது? கமரா பழுதோ?”

எல்லோரும் மக்டலீனைப் பார்த்தார்கள். அவள் சொல்லத்தானே வந்தவள்.

“கமரா இல்லை, அண்ணை. நான்தான். பிள்ளை கையெடுக்கப் பாத்தவ. அசையாதையுங்கோ எண்டு சொன்னன். அவர் திரும்பிப்போட்டார்.”

“நீர் எங்கை நிண்டனீர்?”

“இஞ்சை.” படத்துக்கு வெளியே, பெண்ணுக்கு அப்பால் விரலை வைத்தாள்.

“இடக்கைப் பக்கம்.”

“ஓம்.”

“மெல்லமாத்தான் சொன்னனீரோ?”

“ஓம். பிள்ளைக்குக் கேட்கிற அளவுக்கு.”

“அதுக்கு அவர் கண்ணை மட்டும் திருப்பேல்லை. முழு முகத்தையும் கொண்டுவந்தவரோ?”

மக்டலீனுக்கு ஏதோ விளங்கத் தொடங்கியது. இல்லை என்று சொல்லியிருக்கலாம், நினைவில்லை என்றும் சொல்லியிருக்கலாம். ஆனால் மனிதர் படத்தைத் தன் முன்னால் பிடித்துக்கொண்டிருந்தார். அதில் எல்லாம் பதிந்திருந்தது.

“ஓம்,” என்றாள்.

முத்துக்குமாரு படத்தை மடியில் வைத்தார். ஒரு துலாவின் கிரீச்சுச் சத்தம் மூன்று முறை ஏறி இறங்கியது.

“அவருக்கு இடக்காது கேளாது,” என்றார். “சின்ன வயதுக் காய்ச்சலிலை போனதாம். ரயில்வேக்குத் தெரிஞ்சால் வேலை போயிடும் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அந்தப் பக்கம் ஆர் கதைச்சாலும் வலக்காதைக் கொண்டுவர முழு முகத்தையும் திருப்பிப்போடுவர். பகிடி பண்ணுறனாங்கள். ஜப்பான்காரன் அந்தப் பக்கம் நிண்டு கத்தினதுக்கு, மெத்தனமாத் திரும்பினான் எண்டு அடியும் வாங்கினவர்.”

ஆழ்வாப்பிள்ளை கேட்டார்: “எந்தத் தம்பிராசா?”

முத்துக்குமாரு மடியிலிருந்த படத்திலிருந்து கண்ணை எடுத்தார். கமலாவதியையே பார்த்தார். அவளுடைய முகத்தில் இன்னும் ஒன்றும் மாறவில்லை.

“அண்ணை,” என்று அவள் கேட்டாள், “நீங்கள் அவரோடை நடக்கேக்கை எந்தப் பக்கம் வருவியள்?”

“வலப்பக்கம், பிள்ளை. எப்பவும் வலப்பக்கந்தான் வரச்சொல்லுவர். மறந்தால் நிண்டு மாத்திவிடுவர்.”

அவள் தலையை ஆட்டினாள். இரண்டாம் முறையும் ஆட்டினாள். “அது மரியாதை எண்டு சொன்னவர்,” என்றாள்.

முத்துக்குமாரு கண்ணைத் துடைக்காமல் பேசினார். நாற்பத்துமூன்றாம் வருடம் ஆடி மாதமாக இருக்கவேண்டும், மழை விடவில்லை. வாந்திபேதி வந்து ஒரே பகலில் முடிந்தது. நான்கு பேரை ஒரே கிடங்கில் புதைத்தார்கள். “அவரை ஓரத்திலை வைச்சனான். என்ரை கையாலைதான் கிடங்கு வெட்டினது. ஒரு தேவாரம் பாதி சொன்னன். மிச்சம் வரேல்லை.”

அவருடைய மனைவி கொண்டுவந்து வைத்த தேத்தண்ணீரை ஒருவரும் எடுக்கவில்லை. கமலாவதி படத்தைக் கேட்டு வாங்கிக் கடதாசியில் சுற்றினாள். அழுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் எழுந்து நின்றாள்.

படலையடியில் ஆழ்வாப்பிள்ளை தூணைப் பிடித்துக்கொண்டார். “உன்ரை கொம்மாவுக்கு நான் என்னெண்டு சொல்லுறது,” என்றார். பிறகு மக்டலீனைப் பார்த்தார். அந்த வெள்ளைச் சேலையைப் பற்றி அவருக்குச் சொல்ல இருந்தது இப்போது வரும் என்று அவள் நின்றாள். அவர், “வெயிலாக் கிடக்குது. தலையை மூடிக்கொண்டு வாரும்,” என்று மட்டும் சொல்லி முன்னால் நடந்தார்.

“தங்கச்சி,” என்றாள் மக்டலீன், “நான் சொல்லாமல் விட்டிருக்கலாம்.”

“நீங்கள் என்ன சொன்னனியள், அக்கா? அவர் திரும்பினவர் எண்டதைத்தானே.” கமலாவதி பொதியை மார்போடு பிடித்தாள். “அந்தப் பிளேற்றைக் கழுவிப்போடாதையுங்கோ.”

“கழுவமாட்டன்.”

சந்தைக்குப் போகும் பாதை செம்மண் பாதை. இரண்டு பேர் சேர்ந்து நடக்கப் போதும். ஆழ்வாப்பிள்ளை வெகுதூரம் முன்னே போய்விட்டார். கமலாவதி நடுவே தனியாக நடந்தாள். மக்டலீன் பத்தடி பின்னால் வந்தாள். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. யாரையும் படம் பிடிக்க முடியாத வெயில். எதிரே வெங்காயச் சாக்கு ஏற்றிய வண்டி ஒன்று வந்தபோது கமலாவதி வேலியோடு ஒதுங்கினாள். வண்டி போனதும் திரும்பப் பாதைக்கு வந்தாள். ஆனால் நடுவுக்கு வரவில்லை. வேலியோரமாக, பாதையின் வலப்பக்கத்திலேயே நடந்தாள். அவளுடைய இடப்பக்கத்தில் ஒரு ஆள் நடக்கும் அளவுக்கு இடம் இருந்தது. சந்தைவரை அவள் அந்த இடத்தில் கால் வைக்கவில்லை.